கேமிங் கஃபே ஃப்ரான்சைஸ்: போர்டு வாங்கிடலாம்... அந்த ஒரு மணி நேரத்தை நிரப்புவது யார்?

"ப்ரோ, ஒரு மணி நேரம் எவ்வளவு?"

பீளமேட்டிலோ சரவணம்பட்டியிலோ, காலேஜ் முடிந்து வரும் ஒரு செட்டு கேமிங் கஃபே வாசலில் கேட்கிற முதல் கேள்வி இதுதான். கடைக்காரரின் லாபமும் நஷ்டமும் தொங்கிக்கொண்டிருப்பது அதே ஒரு மணி நேரத்தில்தான். எப்படி என்று பின்னால் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

கொங்குப் பக்கம் படிப்பு முடிந்ததும், "வேலைக்குப் போறதா, சொந்தமா ஏதாச்சும் பண்றதா?" என்ற பேச்சு வராத வீடு குறைவு. டீக்கடை, பிரியாணிக் கடை, சலூன் என எல்லாவற்றுக்கும் ஃப்ரான்சைஸ் கிடைக்கிறது. 'கேம் தெரியும், பசங்களைத் தெரியும், அப்பாகிட்ட கொஞ்சம் பணம் இருக்கு. கேமிங் கஃபே போட்டா என்ன?' என்று யோசிப்பவர்களுக்கும், அங்கே விளையாடப் போகிறவர்களுக்கும் இந்தக் கட்டுரை.

ஃப்ரான்சைஸ் என்றால் என்ன?

பெயர், டிசைன், மென்பொருள், பயிற்சி எல்லாம் கம்பெனியுடையது. இடம், சிஸ்டம், ஆள், கரன்ட் பில் எல்லாம் உங்களுடையது. தொடக்கத்தில் ஒரு தொகை கட்ட வேண்டும். பிறகு மாதாமாதம் வருமானத்தில் ஒரு பங்கு, அதாவது ராயல்டி. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ராயல்டி பெரும்பாலும் மொத்த வசூலின் மேல் போடப்படுகிறது, லாபத்தின் மேல் அல்ல. உங்கள் கடை நஷ்டத்தில் ஓடினாலும் கம்பெனிக்குப் போக வேண்டியது போய்க்கொண்டே இருக்கும்.

தமிழ்நாட்டில் பிறந்த ஒரு சங்கிலி

இந்தத் தொழிலில் நாட்டிலேயே பெரிய சங்கிலிகளில் ஒன்று சென்னையிலிருந்து கிளம்பியதுதான். சத்யம் இன்ஃபோவே என்ற பெயரில் தொடங்கி, 1999-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலான நிறுவனம் சிஃபி. அது 'ஐவே' என்ற பெயரில் பிரவுசிங் சென்டர்களைத் திறந்தது. பெரும்பாலானவை ஃப்ரான்சைஸ் கடைகள். 2006 வாக்கில் 150-க்கும் மேற்பட்ட ஊர்களில் 3,000-க்கும் அதிகமான ஐவே கடைகள் இருந்தன.

2000-களின் தொடக்கத்தில் வீட்டில் நெட் என்பது பலருக்கும் எட்டாத விஷயம். மெயில் பார்க்க, ரிசல்ட் பார்க்க, ரயில் டிக்கெட் போட, வெளிநாட்டில் இருக்கும் அண்ணனிடம் குறைந்த செலவில் பேச... எல்லாவற்றுக்கும் பிரவுசிங் சென்டர்தான். பசங்களுக்கு மட்டும் இன்னொரு காரணம் இருந்தது, லேன் கேமிங். ஒரே அறையில் பத்து சிஸ்டத்தை ஒயரில் இணைத்து கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடினால், சுட்டவன் யார், செத்தவன் யார் என்பது பக்கத்து சீட்டில் இருந்து வரும் சத்தத்திலேயே தெரிந்துவிடும். இந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் சிஃபி 'கேம் ட்ரோம்' என்று கேமிங்குக்கான தனி மையங்களையும் கொண்டு வந்தது. அனில் அம்பானி குழுமத்தின் ஸாபக் நிறுவனமும் 'கேம்பிளெக்ஸ்' என்ற பெயரில் கேமிங் கடைகளைத் திறந்தது.

ஏன் காணாமல் போயின?

2005-ல் பி.எஸ்.என்.எல் பிராட்பேண்ட் வீடுகளுக்கு வரத் தொடங்கியது. பிறகு ஸ்மார்ட்போன். 2016 செப்டம்பரில் ஜியோ. நெட்டுக்காகக் கடைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. 2018-ல் பப்ஜி மொபைல் வந்த பிறகு கேமும் பாக்கெட்டுக்குள் வந்துவிட்டது.

ஆக, அந்தக் கடைகள் விற்றது 'இணைப்பை'. அது வீட்டிலேயே கிடைத்ததும், பெரிய கம்பெனியின் போர்டால் கடையைக் காப்பாற்ற முடியவில்லை. இன்றைக்கு ஒரு கேமிங் கஃபே எதை விற்கிறது? வீட்டில் இல்லாத கிராஃபிக்ஸ் கார்டு, பெரிய மானிட்டர், பிளேஸ்டேஷன் என்று சொல்லலாம். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, பக்கத்தில் உட்கார்ந்து ஆட நாலு பேர்.

தென்கொரியாவில் மட்டும் எப்படி?

வீட்டுக்கு வீடு அதிவேக இணையம் உள்ள நாடு தென்கொரியா. அங்கே 'பி.சி பாங்' எனப்படும் கேமிங் கடைகள் இன்னமும் இருக்கின்றன. 1997 பொருளாதார நெருக்கடியில் வேலை இழந்தவர்களில் பலர் இந்தக் கடைகளைத் திறந்தார்கள். 1998-ல் ஸ்டார்கிராஃப்ட் கேம் வந்ததும் கூட்டம் அள்ளியது.

அவை நின்றதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. கேம் கம்பெனிகள் கடைகளைக் கூட்டாளியாகப் பார்த்தன. கடையில் வந்து ஆடினால் மட்டும் கிடைக்கும் சலுகைகளைக் கொடுத்தன. உதாரணமாக, லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆட்டத்தில் வீட்டில் காசு கொடுத்தோ, நிறைய ஆடியோ திறக்க வேண்டிய கதாபாத்திரங்கள், கடையில் எல்லோருக்கும் திறந்திருக்கும். இரண்டாவது காரணம் சாப்பாடு. சீட்டில் இருந்தபடியே ராம்யன் நூடுல்ஸ் ஆர்டர் செய்யலாம். பசி எடுத்தாலும் எழுந்து போக வேண்டியதில்லை.

மேஜையை இலவசமாகக் கொடுக்கும் கடைகள்

ஹாபி ஷாப் இதற்கு நேர் எதிர். பிரிட்டனில் 1975-ல் தொடங்கிய கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனத்தின் கடைகளுக்குள் போனால், வார்ஹாமர் பொம்மைகளுக்குப் பெயின்ட் அடிக்கவும் ஆடிப் பழகவும் மேஜை போட்டிருப்பார்கள். உட்காரக் காசு இல்லை. ஆட்டம் பிடித்துப்போனால் பொம்மையும் பெயின்ட்டும் பிரஷ்ஷும் வாங்கிக்கொண்டே இருப்பீர்கள்.

1993-ல் வந்த மேஜிக் தி கேதரிங் சீட்டு ஆட்டமும் இப்படித்தான் வளர்ந்தது. அதை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் சொந்தமாகக் கடைகளைத் திறந்து பார்த்து, 2003 இறுதியில் அவற்றை மூட முடிவெடுத்தது. ஆனால், தனியார் கடைகளில் வெள்ளிக்கிழமைதோறும் நடக்கும் போட்டிக்கு ஆதரவு கொடுப்பதைத் தொடர்ந்தது. கம்பெனியின் சொந்தக் கடைகள் போன பிறகும், உள்ளூர்க் கடையின் வெள்ளிக்கிழமைக் கூட்டம் நின்றது.

நம்மிடமும் மேஜைக்கு ஆட்டம் இல்லாமல் இல்லை. தாயம், பல்லாங்குழி, ஆடு புலி ஆட்டம் போன்றவற்றை சென்னையின் க்ரீடா நிறுவனம் 2002-லிருந்து புதிய வடிவில் தயாரித்து விற்கிறது. ஃபன்ஸ்கூல், நம் எம்.ஆர்.எஃப் குழுமத்தின் பொம்மை நிறுவனம். கேமிங் கஃபேயின் ஒரு மூலையில் நாலு மேஜையும் ஒரு அலமாரியும் போட்டால், சிஸ்டம் காலியாக வேண்டிக் காத்திருப்பவர் வெளியே போக மாட்டார்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாமா?

இது உதாரணக் கணக்குதான். உங்கள் ஊர் வாடகை, ரேட்டுக்கு ஏற்ப மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

12 சிஸ்டம். ஒரு சிஸ்டம் 80,000 ரூபாய் என்றால் 9,60,000 ரூபாய். நாலு வருடத்தில் அவை பழசாகிவிடும் என்று வைத்தால், மாதத்துக்கு 20,000 ரூபாய் தேய்மானம். பலரும் கணக்கில் சேர்க்க மறப்பது இதைத்தான்.

ஒவ்வொரு சிஸ்டத்திலும் தினமும் சராசரியாக 5 மணி நேரம் ஆள் இருக்கிறார். மணிக்கு 60 ரூபாய். அப்படியென்றால் ஒரு நாளைக்கு 3,600 ரூபாய், மாதம் 1,08,000 ரூபாய்.

செலவு: வாடகை 30,000, இரண்டு பேர் சம்பளம் 30,000, கரன்ட் 15,000, நெட் மற்றும் சில்லறைச் செலவு 5,000, ராயல்டி 8 சதவிகிதம் என்றால் 8,640. மீதி 19,360 ரூபாய். தேய்மானம் 20,000-ஐக் கழித்தால்? மாதம் 640 ரூபாய் நஷ்டம்! இதில் உங்கள் சம்பளமோ, போட்ட முதலுக்கு வட்டியோ சேரவே இல்லை.

இப்போது 5 மணி நேரத்தை 6 ஆக்குங்கள். வசூல் 21,600 ரூபாய் கூடும். கூடுதல் கரன்ட், ராயல்டி போக சுமார் 18,000 ரூபாய் கையில் நிற்கும். ஒரு சிஸ்டத்துக்கு ஒரே ஒரு மணி நேரம். கடை ஓடுவதும் மூடுவதும் அதில்தான் இருக்கிறது.

அந்த ஆறாவது மணி நேரத்தை போர்டு நிரப்பாது. "அண்ணா, மூணு மணிக்கு வர்றோம், அஞ்சு சிஸ்டம் வெச்சிருங்க" என்று போன் பண்ணும் ரெகுலர் செட்டுதான் நிரப்பும். கோவையில் மட்டுமல்ல, பெருந்துறை, சத்தியமங்கலம், திருச்செங்கோடு மாதிரி கல்லூரி ஊர்களிலும் இதே கதைதான். அங்கே செமஸ்டர் லீவு விட்டால் செட்டு மொத்தமும் ஊருக்குக் கிளம்பிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கையெழுத்துப் போடும் முன்...

* இந்தியாவில் ஃப்ரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தச் சட்டம், வர்த்தக முத்திரைச் சட்டம் போன்ற பொதுச் சட்டங்கள்தான். ஆகவே பத்திரத்தில் எழுதியிருப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

* உங்கள் கடையைச் சுற்றி எத்தனை கிலோமீட்டருக்குள் இன்னொரு கிளை வராது? இது எழுத்தில் இருக்கட்டும்.

* சிஸ்டம், நாற்காலி எல்லாம் கம்பெனியிடம்தான் வாங்க வேண்டுமா? வெளி மார்க்கெட் விலையோடு ஒப்பிடுங்கள்.

* கம்பெனி காட்டும் கடை எப்போதும் நிரம்பித்தான் இருக்கும். நீங்களே வேறு இரண்டு கிளைகளுக்கு, செவ்வாய்க்கிழமை மதியம் போய்ப் பாருங்கள். மூடிய கிளைகளின் உரிமையாளர்களிடமும் பேசுங்கள்.

* சாதாரண ஸ்டீம் அக்கவுன்ட் தனிநபர் உபயோகத்துக்கு மட்டுமே. கடைகளுக்கென்று வால்வ் நிறுவனம் தனித் திட்டம் வைத்திருக்கிறது. கேம், விண்டோஸ் லைசென்ஸ் யார் பொறுப்பு என்று கேளுங்கள்.

* கரன்ட் வணிக இணைப்பு. வீட்டுக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவசம் இங்கே கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இணையவசதி தரும் கடை என்பதால் 2011-ம் ஆண்டின் சைபர் கஃபே விதிகள் பொருந்தும். கடையைப் பதிவு செய்ய வேண்டும். வருபவரின் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதி, குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். தடுப்பு வைத்தால் நாலரை அடி உயரத்தைத் தாண்டக் கூடாது. பெரியவர் துணையில்லாத சிறுவர்களைத் தடுப்புக்குள் உட்காரவைக்கக் கூடாது.

அடுத்து பணம். 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரித்து, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களைத் தடை செய்தது. திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்ற வித்தியாசம் அதில் கிடையாது. போட்டிக்கு நுழைவுக் கட்டணம், ஜெயித்தவருக்குப் பரிசு என்பது வேறு. ஆட்டத்தின் மேல் பெட் கட்டுவது வேறு. இரண்டாவது வகை உங்கள் கடைக்குள் நுழைந்தால், செட்டும் போகும், கடையின் பெயரும் போகும்.

விளையாடப் போகிறவர்களுக்கு

வெளியிலிருந்து உள்ளே தெரியும் கண்ணாடிக் கதவு, நல்ல வெளிச்சம், வேலை செய்யும் கேமரா, அவசர வழி. இவை இருந்தால்தான் பெண்களும் தயக்கமின்றி வருவார்கள், வீட்டிலும் அனுப்புவார்கள். உங்கள் ஸ்டீம் பாஸ்வேர்டைப் பொது சிஸ்டத்தில் சேமிக்காதீர்கள். ஸ்டீம் கார்டு என்ற இரட்டைப் பாதுகாப்பைப் போட்டுவையுங்கள். கிளம்பும்போது லாக்-அவுட் கட்டாயம்.

கடை போட நினைப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பணம் கட்டும் முன், வாரத்துக்கு மூன்று நாள் தவறாமல் வருவார்கள் என்று நீங்கள் நம்பும் 30 பேரின் பெயரை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால், கம்பெனி போர்டு இல்லாமலே தொடங்கலாமா என்று யோசியுங்கள். பத்தைத் தாண்டவில்லையா? முதலில் அந்தச் செட்டைச் சேருங்கள், அட்வான்ஸ் கொடுப்பதைப் பிறகு பார்க்கலாம்.