குதிரைவண்டி குதிரையன்று: இணைய முகவரியின் இலக்கணமும் வரலாறும்

‘குதிரைவண்டி’ என்னும் தொகைச்சொல்லில் குதிரை அடை, வண்டியே தலைச்சொல். தமிழில் தலைச்சொல் இறுதியில் நிற்கும். இணையதளப் பெயரும் ஏறத்தாழ அவ்வாறே அமைகிறது. ‘வங்கி.பரிசு.காம்’ என்பது வங்கிக்கு உரியதன்று, ‘பரிசு.காம்’ என்ற பெயரைப் பதிந்தவருக்கு உரியது. முன்னால் நிற்கும் ‘வங்கி’ அவர் தம் விருப்பப்படி ஒட்டிக்கொண்ட அடை. வாசகரின் கண் முதற்சொல்லோடு நின்றுவிடும் என்ற நம்பிக்கையிலேயே புதிதாய் முளைக்கும் மோசடித் தளங்கள் பல இயங்குகின்றன.

தொடக்கத்தில் இந்நிலை இல்லை. அர்ப்பாநெட் வலைப்பின்னலில் கணினிப் பெயர்கள் அனைத்தும் ஒரே கோப்பில் தொகுக்கப்பட்டிருந்தன. கலிபோர்னியாவின் எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பேணியது. ஒவ்வொரு பெயரும் மனிதப் பார்வையைக் கடந்தே பட்டியலில் ஏறியது. கணினிகள் பெருகவே, 1983இல் பால் மொகபெட்ரிஸ் பெயர்களைப் படிநிலையாகப் பகிர்ந்தளிக்கும் முறையை வகுத்தார். 1985இல் முதல் ‘காம்’ பெயர் பதிவாயிற்று. 1999இல் பதிவுத் தொழில் போட்டிக்குத் திறக்கப்பட்டது. 2005இல் இந்தியாவின் ‘இன்’ பெயர்களுக்கான கட்டுப்பாடுகளும் தளர்ந்தன. பெயர் வாங்குவது சில நிமிட வேலையாயிற்று. வாயிற்காவலர் மறைந்தார்.

அவருக்கு மாற்றாக மக்கள் பூட்டுக் குறியை நம்பினர். அனுப்பும் தகவலை இடைவழியில் பிறர் படிக்க இயலாது என்பதே அதன் பொருள். மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவர் என்பதன்று. ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ 2015 இறுதியில் இலவசச் சான்றிதழ்களைப் பொதுவில் வழங்கத் தொடங்கியது. பலருக்கும் பாதுகாப்பளித்த அவ்வசதி மோசடியாளருக்கும் எட்டியது. 2023இல் கூகுள் குரோம் தன் முகவரிப் பட்டையிலிருந்து பூட்டுக் குறியை அகற்றியது.

எஞ்சியிருக்கும் நல்ல சான்று பெயரின் வயது. 2018இல் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், பொதுப் பதிவேட்டில் உரிமையாளர் விவரங்கள் பெரிதும் மறைக்கப்பட்டன. பெயர் பதிவான நாளை மட்டும் பெரும்பாலும் இன்றும் காணலாம். முப்பதாண்டு மரபு பேசும் கடையின் தளம் மூன்று வாரங்களுக்கு முன் பிறந்திருந்தால், அம்முரண் விளக்கம் கோருகிறது. எனினும் புதுமை குற்றமன்று. பழமை நற்சான்றும் அன்று. காலாவதியான பழம்பெயர்களும் விலைக்குக் கிடைக்கின்றன.

2025இல் வரலாறு ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பியது. வங்கிகளுக்கென்றே ‘பேங்க்.இன்’ என்னும் ஈற்றுப்பெயரை இந்திய ரிசர்வ் வங்கி அறிவித்து, அக்டோபர் 31க்குள் மாறுமாறு பணித்தது. ஹைதராபாதின் ஐ.டி.ஆர்.பி.டி. நிறுவனமே அதன் ஒரே பதிவாளர். வாயிற்காவலர் மீண்டும் வந்தார். ஆனால் வங்கிகளின் வாயிலுக்கு மட்டும். வேலைவாய்ப்பு, உதவித்தொகை, மலிவு விற்பனை என்று அழைக்கும் தளங்களுக்குப் பொதுவான காவலர் எவருமில்லை. அங்கே காவல் வாசகரின் கடமை: முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னுள்ள பெயரை வலப்புறமிருந்து வாசித்தல், பதிவு நாளைத் தேடுதல், அறிந்த வேறு வழியில் நிறுவனத்தை வினவுதல். பணம் போய்விட்டால் நாணித் தயங்காது 1930 எண்ணை உடனே அழைத்தல் வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

குதிரையைக் கண்டு வண்டியில் ஏறுவோர், வண்டி யாருடையது என்றும் கேட்டாக வேண்டும்.