தப்பிச்ச நெகடிவ்

சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க தட்டை ஓரமா வெச்சுடுங்க. மேட்டர் அப்படி.

யோர்க் புட்கெரைட், மேற்கு பெர்லின்காரர். 1987ல் சூப்பர் 8 ஃபிலிமில், சொற்பக் காசில் இவர் எடுத்த படம் 'நெக்ரோமான்டிக்'. பிணத்தின் மேல் காதல், அதான் கதை. 1991ல் இரண்டாம் பாகம், இந்தத் தடவை 16 எம்.எம்மில். முதல் படத்து நாயகனின் பிணத்தை ஒரு நர்ஸ் தோண்டி எடுத்து வீட்டுக்குக் கொண்டு போறா. உவ்வே!

1991 ஜூன் மாசம் மியூனிக்கில் வெர்க்ஷ்டாட்கினோ தியேட்டருக்குள்ள போலீஸ் புகுந்து படத்தைப் பறிமுதல் பண்ணிட்டாங்க. குற்றவியல் சட்டம் 131வது பிரிவு, வன்முறையைப் புகழுதாம். அதோட விடலை, நெகடிவையே அழிக்கணும்னு தேடினாங்க. நெகடிவ்ங்கறது நம்ம பாஷையில் சோர்ஸ் கோட். அது போயிருந்தா பின்னாடி ஒழுங்கான டிவிடி ஏது, ப்ளூரே ஏது?

காப்பாத்தினது ஜெர்மன் அரசியல் சட்டத்தின் 5வது பிரிவு: கலைக்குச் சுதந்திரம் உண்டு. 'இது கலைதான்'னு திரைப்பட ஆய்வாளர் ஒருத்தர் எழுதின அறிக்கை கைகொடுக்க, 1993ல் படத்துக்கு விடுதலை. 2015ல் இங்கிலாந்தின் ஆரோ வீடியோ இதை ப்ளூரேயாவே வெளியிட்டுச்சு.

படம் எப்படின்னு கேட்டா, எனக்கு ஒத்துக்காது சாமி. ஆனா பார்க்காம இருக்கிற உரிமை எனக்கு எப்பவுமே இருந்துச்சு. நெகடிவை எரிச்சிருந்தா, பார்க்கிற உரிமை யாருக்குமே இருந்திருக்காது.

நீங்க என்ன சொல்றீங்க?