இலண்டன் மீக்குறை உமிழ்வு வலயம்

இலண்டன் மீக்குறை உமிழ்வு வலயம் என்பது ஐக்கிய இராச்சியத்தின் தலைநகரான இலண்டனில், அதிகம் புகை வெளியிடும் பழைய வாகனங்களிடம் நாட்கட்டணம் பெறும் பகுதி ஆகும். சுருக்கமாக இது யூலெஸ் எனப்படும். 2019 ஏப்ரல் 8 அன்று நகர மையத்தில் தொடங்கிய இவ்வலயம், 2023 முதல் பெருநகர் இலண்டனின் 32 பரோக்களையும் இலண்டன் மாநகரத்தையும் உள்ளடக்கியுள்ளது. இதனை நகர முதல்வரின் கீழ் இயங்கும் இலண்டன் போக்குவரத்து அமைப்பு நிருவகிக்கிறது.

பின்னணி

1952 டிசம்பரில் நிலக்கரிப் புகையும் மூடுபனியும் கலந்து இலண்டனை ஐந்து நாட்கள் சூழ்ந்தன. அக்காலத்தில் இதனால் இறந்தோர் ஏறத்தாழ 4,000 பேர் எனக் கணிக்கப்பட்டது. பிற்கால ஆய்வுகள் 12,000 பேர் வரை எனக் கூறுகின்றன. இதன் விளைவாக 1956 இல் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. நிலக்கரிப் புகை குறைந்த பின்னர், வாகனங்களே மாசின் முதன்மைக் காரணிகளுள் ஒன்றாயின. குறிப்பாக டீசல் வாகனங்கள் வெளியிடும் நைட்ரசன் டைஆக்சைடும் நுண்துகள்களும் மூச்சுக்குழாய்களைத் தாக்கி, ஆஸ்துமா போன்ற நோய்களைக் கடுமையாக்குகின்றன.

தென்கிழக்கு இலண்டனில் போக்குவரத்து மிகுந்த சாலையருகே வாழ்ந்த 9 வயதுச் சிறுமி ஒருவர் 2013 இல் ஆஸ்துமாவால் இறந்தார். அவரது இறப்புக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என 2020 டிசம்பரில் இறப்பு விசாரணை அலுவலர் தீர்ப்பளித்தார். ஐக்கிய இராச்சியத்தில் இத்தகைய தீர்ப்பு இதுவே முதன்முறையாகும்.

முந்தைய திட்டங்கள்

சாலைப் பயன்பாட்டுக்குக் கட்டணம் பெறும் அதிகாரத்தைப் பெருநகர் இலண்டன் ஆணையச் சட்டம் 1999 நகர முதல்வருக்கு வழங்கியது. கென் லிவிங்ஸ்டன் நகர முதல்வராக இருந்தபோது, 2003 பெப்ரவரி 17 அன்று நெரிசல் கட்டணம் அறிமுகமானது. தொடக்கத்தில் இது நாளொன்றுக்கு 5 பவுண்டு ஆகும். நெரிசலைக் குறைப்பதே இதன் நோக்கம். 2008 இல் கனரக டீசல் வாகனங்களுக்கான குறை உமிழ்வு வலயம் உருவாக்கப்பட்டது. மீக்குறை உமிழ்வு வலயம் பற்றிய அறிவிப்பை 2013 இல் நகர முதல்வர் போரிஸ் ஜான்சன் வெளியிட்டார். சாதிக் கான் பதவிக்காலத்தில் அது நடைமுறைக்கு வந்தது.

செயற்படும் முறை

பெட்ரோல் கார்கள் யூரோ 4 தரத்தையும், டீசல் கார்கள் யூரோ 6 தரத்தையும், மோட்டார் சைக்கிள்கள் யூரோ 3 தரத்தையும் எட்டியிருத்தல் வேண்டும். எட்டாதவை வலயத்தினுள் ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்டு செலுத்த வேண்டும். கிறித்துமசு நாள் தவிர ஆண்டு முழுவதும், 24 மணி நேரமும் இது பொருந்தும். எண்தகட்டைப் படிக்கும் தானியங்கி நிழற்படக் கருவிகள் வாகனங்களை அடையாளம் காண்கின்றன. கனரக வாகனங்களுக்குக் குறை உமிழ்வு வலய விதிகள் தனியே உள்ளன.

விரிவாக்கமும் எதிர்ப்பும்

வலயம் 2021 அக்டோபர் 25 அன்று வடக்கு, தெற்கு வட்டச் சாலைகள் வரையும், 2023 ஆகஸ்ட் 29 அன்று பெருநகர் முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. பொதுப் போக்குவரத்து குறைந்த புறநகர்களில், பழைய வாகனங்களை நம்பி வாழும் எளியோரையும் சிறு வணிகரையும் இக்கட்டணம் பாதிக்கும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். பெக்ஸ்லி, புரோம்லி, ஹாரோ, ஹில்லிங்டன் பரோக்களும் சர்ரே மாவட்ட மன்றமும் தொடுத்த வழக்கை உயர் நீதிமன்றம் 2023 சூலையில் தள்ளுபடி செய்தது. நிழற்படக் கருவிகள் பல சேதப்படுத்தப்பட்டன. பழைய வாகனங்களைக் கைவிடுவோருக்கான உதவித்தொகைத் திட்டம் அனைத்து இலண்டன்வாசிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது.

விளைவுகள்

இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2021 இல் வெளியிட்ட ஆய்வு, தொடக்க வாரங்களில் வலயத்தால் நைட்ரசன் டைஆக்சைடு 3 விழுக்காட்டிற்கும் குறைவாகவே குறைந்தது என்றது. எனினும், வாகன உரிமையாளர்கள் பலர் வலயம் தொடங்கும் முன்னரே வாகனங்களை மாற்றியிருந்தனர். வலயம் இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய நிலையைவிட, 2024 இல் சாலையோர நைட்ரசன் டைஆக்சைடு 27 விழுக்காடு குறைவாக இருந்ததாகப் பெருநகர் இலண்டன் ஆணையத்தின் 2025 அறிக்கை மதிப்பிட்டது. அவ்வாண்டில் இவ்வளிமத்துக்கான சட்ட வரம்பான கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம் என்பதை இலண்டன் முதன்முறையாக எட்டியது. உலக சுகாதார அமைப்பு 2021 இல் பரிந்துரைத்த அளவு இதில் நான்கில் ஒரு பங்கான 10 மைக்ரோகிராம் ஆகும்.