தலைக்கு மேல் ஒரு சுருங்கை

சிலப்பதிகாரம் மதுரையில் ஒரு சுருங்கை வீதியைக் காட்டுகிறது. சுருங்கை என்றால் கரந்து செல்லும் வழி. நிலத்துக்கு அடியில் அமைவது. இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரிலோ அத்தகைய வழியொன்று மக்களின் தலைக்கு மேலே, பட்டப்பகலில் எல்லோர் கண்ணிலும் படும்படி செல்கிறது. வசாரி நடைவழி என்று அதற்குப் பெயர். வழி வெளிப்படையானது, அதில் நடப்பவர்தாம் மறைவானவர்.

1565ஆம் ஆண்டு. கோமகன் முதலாம் கோசிமோவின் மூத்த மகன் ஃபிரான்செஸ்கோவுக்கும் ஆஸ்திரிய இளவரசி ஒருத்திக்கும் டிசம்பரில் திருமணம். அதற்குள் முடித்தாக வேண்டும் என்ற ஆணையை ஏற்று, ஏறத்தாழ 750 மீட்டர் நீளமுள்ள இவ்வழியை ஐந்தே மாதங்களில் எழுப்பினார் ஜார்ஜோ வசாரி. ஓவியம் பயின்றோர் அவரைக் கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதியவராக அறிவர். அந்நூலின் முதற்பதிப்புக்கும் இரண்டாம் பதிப்புக்கும் இடைப்பட்ட காலத்தில் செய்த வேலை இது.

திருமணம் ஒரு தருணம், அவ்வளவே. காரணம் அச்சம் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1478இல் மெதிச்சி குடும்பத்து ஜூலியானோ, பேராலயத்தில் வழிபாட்டின் நடுவே குத்திக் கொல்லப்பட்டார். 1537இல் கோமகன் அலெஸ்ஸாந்த்ரோவைக் கொன்றவன் அவருடைய உறவினனே. அக்கொலையால் காலியான இருக்கைக்குத்தான் பதினேழு வயதுக் கோசிமோ வந்தார். ஒருவர் குருதி காயுமுன் ஆட்சி ஏறியவருக்குத் தெருவில் நடக்க மனம் வருமா?

பழைய அரண்மனையில் தொடங்கும் வழி, உஃபீசி கட்டடத்தினூடே சென்று, ஆர்னோ ஆற்றங்கரையில் வளைவுகளின்மீது ஏறி, பொன்டே வெக்கியோ பாலத்துக் கடைகளின் கூரைக்கு மேலாக ஆற்றைக் கடக்கிறது. சிறு சிறு சாளரங்கள். உள்ளிருந்து பார்க்கலாம், வெளியிலிருந்து ஆளை அறிய இயலாது. பாலத்தின் தென்கோடியில் மட்டும் நேர்வழி திடீரென முறிகிறது. அங்கே மன்னெல்லி குடும்பத்தாரின் கோபுரம் நின்றது. இடிக்க அவர்கள் இசையவில்லை. கோமகனின் வழி கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு, கல் தாங்கிகளின்மேல் தொங்கியபடி போயிற்று, இன்றும் அப்படியேதான். வசாரியின் கட்டடக்கலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி, அவர் விரும்பிச் செய்யாத இந்தக் கோணல்தான்.

கசாப்புக்கடைக்காரர்களுக்கு அந்த வலிமை இல்லை. பாலத்தில் அவர்கள் நெடுங்காலம் தொழில் செய்தார்கள். 1593இல் முதலாம் ஃபெர்தினாந்தோ அவர்களை வெளியேற்றிப் பொற்கொல்லரைக் குடியேற்றினார். நாற்றம் அரச நாசிக்கு எட்டியிருக்கிறது!

கோபுரத்தைக் கடந்ததும் வழி சாந்தா ஃபெலிசிட்டா தேவாலயத்தின் முகப்பை ஒட்டிப் போகிறது. அங்கிருந்து உள்ளே பார்க்கும் ஒரு மாடம் உண்டு. மெதிச்சி குடும்பத்தார் கீழிறங்காமலே அதில் அமர்ந்து திருப்பலி கண்டார்கள். ஜூலியானோவின் முடிவை அறிந்தவர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. அப்பால் பிட்டி அரண்மனை.

ஓவியங்கள் பின்னால் வந்தவை. பதினேழாம் நூற்றாண்டில் கர்தினால் லியோபோல்டோ தெ மெதிச்சி ஓவியர்கள் தம்மைத் தாமே தீட்டிக்கொண்ட படங்களைத் தேடிச் சேர்த்தார். அத்தொகுப்பிலிருந்து நூற்றுக்கணக்கானவை 1973 முதல் இச்சுவர்களில் தொங்கின. யார் கண்ணிலும் படாமல் நடக்கக் கட்டிய வழியில் இருபுறமும் கண்கள்! பாதுகாப்புக் குறைபாடுகளால் 2016இல் வழி மூடப்பட்டது. 2024 டிசம்பர் 21 அன்று மீண்டும் திறந்தபோது சுவர்கள் வெறுமையாக இருந்தன. தன்னுருவப் படங்கள் உஃபீசியின் அறைகளுக்குப் போய்விட்டன. இதனை இழப்பு என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. படங்களை நோக்கி நின்றவர்கள் வழியை நோக்கவில்லை. வெறுஞ்சுவரில் இது மீண்டும் ஓர் ஆட்சியாளர் விரைந்து நடந்து கடந்த இடமாகிறது.

ஆயினும் இவ்வழியருகே உயிர்கள் போயின. 1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை நகரின் மற்றப் பாலங்களையெல்லாம் தகர்த்தது. இதனை விட்டுவைத்து, இருகரைகளிலும் இருந்த வீடுகளை வெடிவைத்து வீழ்த்தியது. 1993 மே 27 நள்ளிரவுக்குப் பின், உஃபீசியின் பின்புறச் சந்தில் மாஃபியா கும்பல் நிறுத்திய வண்டியிலிருந்த குண்டு வெடித்தது. நடைவழியும் சேதமுற்றது, மன்ஃப்ரெதியின் இரண்டு ஓவியங்களும் ஹொந்த்ஹோர்ஸ்டின் ஒன்றும் அழிந்தன. இறந்தவர் ஐவர்: அருகிலிருந்த கோபுரத்தின் காப்பாளரான பெண், அவர் கணவர், இரு மகள்கள், ஒரு மாணவர். இளைய மகளுக்கு இரண்டு மாதம்கூட நிரம்பவில்லை.

இப்போது முன்பதிவு செய்தே போக வேண்டும். சிறு குழுவாக, ஒரே திசையில். உஃபீசியில் ஏறினால் போபொலி தோட்டத்தில் இறங்கலாம். இறங்கியபின் சற்றே திரும்பி நடந்து, சாந்தா ஃபெலிசிட்டாவுக்குள் தெருவாசல் வழியே நுழையுங்கள். வலப்புறச் சிற்றாலயத்தில் பொன்டோர்மோ தீட்டிய, சிலுவையினின்று இறக்கப்படும் இயேசு இருக்கிறார். அவரைப் பார்த்துவிட்டு, வாசற்பக்கம் திரும்பி அண்ணாந்து பாருங்கள். அந்த மாடம் தெரியும்.