மையும் அரிதாரமும்

அரிதாரம் என்னும் சொல்லைத் தமிழ் மக்கள் இன்று இரு பொருளில் வழங்குகின்றனர். நாட்டு மருந்துக் கடையில் அரிதாரம் என்று கேட்டால், பொன்னிறமாக மின்னும் ஒருவகைக் கல்லை நிறுத்துத் தருவார்கள். நாடகக் கொட்டகையில் அரிதாரம் என்றால், அது நடிகன் முகத்திற் பூசும் பூச்சு எதற்கும் பொதுப்பெயர். அரிதாரம் பூசியவன் என்ற தொடருக்கே நடிகன் என்று பொருள் வந்துவிட்டது. பின்னைய பொருள் முன்னையதிலிருந்து பிறந்தது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அக்காலத்து நடிகன் தன் முகத்திற் பூசியது அந்தக் கல்லைத்தான். சித்த மருத்துவ நூல்கள் அதனைப் பாடாண வகையில் வைக்கின்றன. இரசாயன நூலார் அதனை ஆசனிக்கு சல்பைட்டு என்கின்றனர். இரு சாராரும் நஞ்சு என்பதில் உடன்படுகின்றனர்.

நஞ்சொன்றின் பெயர் ஒப்பனையின் பெயராக எவ்வாறு ஆயிற்று? மனித முகத்தில் மறைக்க வேண்டியதென்று மனிதன் கருதியவற்றுள் மிகப் பழையதும், மிகப் பொதுவானதுமான ஒன்றை எடுத்துக்கொண்டு இவ்வினாவை ஆராய்தல் எளிது. அது கண்ணின் கீழ்ப்படியும் கருமை. உறக்கமின்மையும் கவலையும் முதுமையும் முதலிற் கையெழுத்திடும் இடம் அதுவே.

பழந்தமிழ் இலக்கியம் கண்ணுக்கு மையிடுதலை எத்தனையோ இடங்களிற் பேசுகின்றது. மையைத் தீட்டும் கோலைத் திருக்குறளின் காமத்துப்பால் ஓர் உவமையாகவே ஆள்கின்றது. மை எழுதும்போது அந்தக் கோலைக் கண் காண்பதில்லை. அதுபோலக் காதலன் எதிரே வந்தபோது அவன் குற்றம் தெரிவதில்லை என்பது அங்குள்ள தலைவியின் கூற்று. நாள்தோறும் கண்ணுக்கு மை எழுதிய சமுதாயத்திலன்றி இவ்வுவமை பிறந்திராது. அதே நூலில் கண்விதுப்பழிதல் என ஓர் அதிகாரம் முழுவதும் உறங்காத கண்ணின் துன்பத்துக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது.

சிலப்பதிகாரத்தின் அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில், கணவனைப் பிரிந்த கண்ணகியின் நெடுங்கண்கள் அஞ்சனத்தை மறந்தன என்று இளங்கோவடிகள் கூறுவர். கண்ணகிக்கு எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கோயில் கண்டு வழிபடும் மட்டக்களப்பாருக்கு இவ்விடம் தனியாக மனத்திற் படும். தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் எனத் தொடர்ந்து வைகாசித் திங்களிற் கோயிற் கதவு திறந்து, வழக்குரை பாடி, ஈற்றிற் குளிர்த்தி செய்து சடங்கை முடிக்கின்றோம். மதுரையை எரித்த அம்மனின் வெம்மையைத் தணிப்பதே அந்தக் குளிர்த்தி. கண்ணின் கீழ்க் கறுத்திருப்பவரைப் பார்த்து, "கண் சூடு பிடித்திருக்கிறது, குளிர்ச்சியாக ஏதும் செய்" என்று நம் கிராமத்து மூதாட்டிமார் கூறுவர். தெய்வத்துக்கும் மனிதருக்கும் ஒரே சொல்தான்.

மை என்பதும் ஒரு பொருளன்று. நம் வீடுகளிற் பாட்டிமார் கூட்டிய மை, விளக்குக் கரி. வெள்ளைத் துணித் திரியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றிலோ பொன்னாங்காணிச் சாற்றிலோ தோய்த்து உலர்த்தி, ஆமணக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த பாத்திரத்திற் படியும் கரியை வழித்து, நெய்யிலோ எண்ணெயிலோ குழைப்பார்கள். மேற்றிசையிலும் வட இந்தியாவிலும் வழங்கிய சுர்மா வேறு. அது கல்லை அரைத்து ஆக்கிய பொடி. அன்டிமனி என்று அதனைப் பலர் எழுதிவிட்டபோதிலும், பெரும்பாலும் அது கலீனா எனப்படும் ஈய சல்பைட்டே. பண்டை எகிப்தியர் கண்ணைச் சுற்றித் தீட்டியதும் அதுதான். எகிப்தியக் கல்லறைகளிற் கிடைத்த மைச்சிமிழ்களைப் பிரெஞ்சு இரசாயனர்கள் ஆராய்ந்து, இயற்கையில் அரிதாகவே கிடைக்கும் ஈயக் குளோரைட்டுச் சேர்மங்களை எகிப்தியர் தாமே வேண்டுமென்று செய்து கலந்தனர் என்று கண்டனர். மிகச் சிறு அளவில் அவை கண்ணின் நோய் எதிர்ப்பைத் தூண்டியிருக்கக்கூடும் என்றும் 2010ஆம் ஆண்டில் எழுதினர். இதனைக் காட்டி ஈய மையை நல்லதென்று வாதிப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். கண்ணில் நிகழ்வது ஒன்று, குருதியிற் சேர்வது மற்றொன்று என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். ஈயம் உடலிற் சேர்ந்தால் எலும்பிலே தங்கும். சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைத் தாக்கும். பாட்டியின் விளக்கு மையில் அந்த ஈயம் இல்லை. எனினும் பிறந்த குழந்தையின் கண்ணுக்குள் விரலால் அதனை இழுத்தல் வேறு வகையில் தீங்கு தரும். கண்ணூறு கழிய நெற்றியிலோ கன்னத்திலோ இடும் பொட்டோடு நிறுத்திக்கொள்வது போதும்.

இனிக் கூத்துக் களரிக்கு வருவோம். மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துக்களும் வேளாண்மை வெட்டி முடிந்த ஓய்வுக்காலத்தில் ஊர்தோறும் ஆடப்பட்டவை. ஆடியவர்கள் தொழில்முறை நடிகர் அல்லர். பகலில் வயலிலும் வாவியிலும் உழைத்தவர்கள். படுவான்கரையில் யானைக்கும் பன்றிக்கும் அஞ்சிப் பரணில் இரவெல்லாம் காவல் இருந்தவர்களும், வாவியில் இராத் தோணியில் இறால் பிடித்தவர்களுமே பல மாதம் நிலவொளியில் அண்ணாவியாரிடம் கூத்துப் பழகினர். அரங்கேற்ற இரவன்று பொழுதுபட்டு முகம் எழுதத் தொடங்கினால், ஆட்டம் முடிய விடிந்துவிடும். எனவே, அந்த முகங்களிற் கண்ணின் கீழே என்ன இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உறக்கமற்ற அதே முகத்தைத்தான் வட்டக்களரியின் நடுவே தருமனாகவும், கர்ணனாகவும், ஆண்மகனே தரித்த திரௌபதையாகவும் நாற்புறமும் அமர்ந்த ஊராருக்குக் காட்ட வேண்டும். அதுவும் பந்த வெளிச்சத்தில்.

பந்தத்தின் ஒளி அசையும் செவ்வொளி. அது பெரும்பாலும் கீழிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் விழும். கண்குழி அதிற் பன்மடங்கு ஆழமாகத் தோன்றும். அதனை நிரப்ப வெளிறிய, தடித்த, ஒளியைத் திருப்பி வீசும் பூச்சு வேண்டும். அரிதாரத்தின் சிறப்பு இங்கேதான். தட்டுத் தட்டாக உரியும் அக்கல்லை அரைத்தால் வரும் மஞ்சள், தீயொளியிற் பொன்போல விளங்கும். மேலும் ஒன்று: கண்ணின் கீழே தோலினூடாகத் தெரியும் நீலஞ்சார்ந்த ஊதாவுக்கு மஞ்சளே எதிர்நிறம். பிரெஞ்சு இரசாயனரான செவ்ரோல் 1839இல் நிறங்களின் முரண் பற்றிப் பெருநூல் எழுதினார். எதிர்நிறங்களைக் கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று அடக்கிவிடும் என்பதை ஓவியர் முன்பே அறிந்திருந்தனர். செவ்ரோலின் பெயரையே கேட்டிராத நம் கூத்தரும் அதனைக் கையால் அறிந்திருந்தனர். இன்று ஒப்பனைக் கடைகளில் கருவளையம் மறைப்பதற்கென விற்கும் மஞ்சள், செம்மஞ்சட் பசைகள் யாவும் இந்த அறிவின் வழிவந்தவையே. நம்மைப் போன்ற கருநிறத்தாருக்குச் செம்மஞ்சளே கூடுதலாகப் பொருந்தும் என்பர்.

பரத முனிவரின் நாட்டிய சாத்திரம் இவ்வொப்பனையை ஆகாரியம் என்னும் அபிநயப் பிரிவில் அடக்கி, வெள்ளை, நீலம், மஞ்சள், செம்மை ஆகிய நான்கு நிறங்களை மூலமாகக் கொண்டு பிறவற்றைக் கலந்து பெறும் முறையைக் கூறும். கேரளத்துக் கதகளியில் பச்சை வேடத்துக்கு அரிதாரத்தோடு நீலம் கூட்டி அரைப்பது அம்மரபின் எச்சம். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் மதங்க சூளாமணியில் வடமொழி நாடக இலக்கணத்தையும் சேக்ஸ்பியரையும் ஒருங்குவைத்து ஆராய்ந்தார். அவர் ஊரைச் சுற்றியுள்ள கூத்துக் களரிகளின் ஒப்பனைப் பெட்டியையும் யாரேனும் அவ்வாறு அன்றே ஆராய்ந்து எழுதியிருந்தால் நமக்கு எவ்வளவோ பயன்பட்டிருக்கும்.

ஏனெனில், அப்பெட்டியில் என்ன இருந்தது என்பது உயிர் சம்பந்தமான வினா. மஞ்சள் அரிதாரம் ஆசனிக்கைச் சேர்ந்தது. சிவப்புக்கு வைத்த சாதிலிங்கம் இரச சல்பைட்டு. வெள்ளைப் பொடி நாகத்தில் ஆனதாயின் தீங்கில்லை. ஈயத்தில் ஆனதாயின் தீங்கு. இரண்டும் கண்ணுக்கு ஒன்றே. கைக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆண்டுக்கு ஓரிரவு பூசிய நம் கூத்தருக்கு இதனால் நேர்ந்தது சிறிதாகவே இருந்திருக்கும். நாள்தோறும் பூசியவர்களின் கதையைக் கீழைத்தேயத்தின் மறுகோடியில் காணலாம். யப்பானியக் கபுக்கி நாடகக்காரர் ஈய வெள்ளையை முகம் முழுவதும் அப்பி ஆடினர். 1887இல் பேரரசர் மேய்சியின் முன்னிலையில் நடந்த ஆட்டத்தில், நக்கமுரா புக்குசுக்கே என்னும் புகழ்பெற்ற நடிகருக்குக் கால் நடுங்கத் தொடங்கியது. மருத்துவர்கள் அதனை ஈய நஞ்சென்று கண்டனர். அரசர் முன்னே நிகழ்ந்ததால் நாடே அதனைப் பேசிற்று. அதன் பின்னரும் ஈய வெள்ளை யப்பானில் முற்றாகத் தடைப்பட 1930கள் ஆயின. ஒரு நஞ்சை அறிவதற்கும் அதனை விலக்குவதற்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு!

ஐரோப்பாவும் இதிற் குறைந்ததன்று. இங்கிலாந்தின் பேரழகி எனப்பட்ட கொவென்றிச் சீமாட்டி மரியா 1760இல் இளவயதிலேயே இறந்தார். ஈய வெள்ளைப் பூச்சே காரணம் என்று அக்காலத்தாரே பேசினர். ஈயம் தோலைக் கெடுக்க, கெட்ட தோலை மறைக்க மேலும் ஈயம் பூசுவது அக்கால வழக்கம். அமெரிக்காவில் 1933இல் கண்ணிமை மயிருக்குச் சாயம் ஏற்றும் ஒரு பொருளாற் பெண்கள் பார்வை இழந்தனர். 1938இல் அந்நாட்டில் ஒப்பனைப் பொருள்களையும் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்த காரணங்களுள் அதுவும் ஒன்று. போலந்திலிருந்து சென்று கலிபோர்ணியாவிற் குடியேறிய மக்ஸ் பக்ரரின் நிறுவனம் திரைப்பட நடிகர்களுக்காகப் பூச்சுக்கள் செய்தது. கருவளையம் முதலியவற்றை மறைப்பதற்கென்றே உதட்டுச்சாயக் குழல்போன்ற ஒன்றை 1954இல் பொதுமக்களுக்கு விற்றதும் அந்நிறுவனமே. கூத்தனின் களரிப் பூச்சு காரியாலயம் செல்லும் பெண்ணின் கைப்பையினுட் புகுந்த ஆண்டு அது எனலாம்.

நம் நாட்டில் ஏறத்தாழ அதே காலத்திற் கூத்தும் மாறிற்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை ஆகியவற்றை 1960களில் மேடையேற்றினார். விடிய விடிய ஆடிய கூத்து ஒன்றரை மணி நேர அளவிற் சுருங்கியது; வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று; பந்தம் மின்விளக்காயிற்று. மின்னொளியில் அரிதாரத்தின் பொன் தேவைப்படவில்லை. நாக வெள்ளையும் ஆலையிற் செய்த நெய்ப்பூச்சுக் குச்சிகளும் போதுமாயின. கூத்து சுருங்கியதைப் பற்றிப் பலர் இன்றும் குறைபட்டுக்கொள்வதுண்டு. எனக்கும் அக்குறை உண்டு. முகப்பூச்சைப் பொறுத்தவரை நட்டம் யாதும் இல்லை.

மறைத்தலைப் பற்றி இவ்வளவு சொன்னோம். தீர்த்தலைப் பற்றியும் நம் முன்னோர் வாளா இருக்கவில்லை. கண்ணோய் தொண்ணூற்றாறு என எண்ணிய சித்த மரபில், கடுக்காய், நெல்லி, தான்றி மூன்றும் ஊறிய நீராற் கண் கழுவுதலும், நந்தியாவட்டைப் பூவைக் கண்மேல் ஒற்றுதலும், எண்ணெய் முழுக்கும் சொல்லப்படுகின்றன. வெள்ளரித் துண்டு வைத்தல் எல்லா நாட்டாரும் அறிந்தது. குளிர்ச்சியாற் குருதிக் குழாய் சற்றுச் சுருங்கும்; வீக்கம் தணியும்; சில நாழிகை முகம் தெளியும். அதற்குமேல் அவற்றிடம் எதிர்பார்த்தல் தகாது. கண்ணிமைத் தோல் உடலிலுள்ள தோலிலெல்லாம் மெல்லியது. அரை மில்லிமீற்றர் அளவே. அதன் கீழுள்ள குருதிக் குழாயும் தசையும் வெளித்தெரிவதால் வரும் நிறம் ஒன்று. தோலிலேயே கருநிறமி மிகுதலால் வருவது மற்றொன்று. வயதேறக் கன்னத்தின் கொழுப்பு இறங்கிக் குழிவிழுவதால் வரும் நிழல் இன்னொன்று. குடும்பவழியாக வருவதும் உண்டு. தும்மலும் கண்ணரிப்பும் உள்ள பிள்ளைகள் ஓயாது கண்ணைக் கசக்குவதால் வருவதும் உண்டு. குருதிச் சோகையில் முகம் வெளிற, இக்கருமை எடுப்பாகத் தெரியும். அதற்கு மருந்து பூச்சன்று, இரும்புச் சத்தே. ஆசிரியராயிருப்போர் வகுப்பில் இத்தகைய முகத்தைக் கண்டால், "இரவு எத்தனை மணிக்குப் படுத்தாய்?" என்பதோடு, "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்றும் கேட்டறிதல் வேண்டும். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியின் பின்னும், 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடற்கோளின் பின்னும், இடையே நீண்ட போர்க்காலத்திலும் இப்பகுதிப் பாடசாலைகளில் அமர்ந்திருந்த பிள்ளைகளின் கண்களுக்கு எந்த வெள்ளரித் துண்டு உதவியிருக்கும்?

அரிதாரம் களரியை விட்டுப் போயிற்று. இரசம் மட்டும் வேறு வேடத்தில் திரும்பி வந்துள்ளது. சில வாரங்களில் முகம் வெளுக்கும், கண்ணடிக் கருமை போகும் என்று கூறி விற்கும் கிறீம்கள் சிலவற்றில் இரச உப்புக்கள் கலந்திருப்பதைப் பல நாடுகளின் சோதனைகள் காட்டியுள்ளன. இரசம் தோலிற் கருநிறமி உண்டாவதைத் தடுப்பதனால் முதலிற் பலன் தெரிவது உண்மையே. பின்னர் அது சிறுநீரகத்தைத் தாக்கும். பூசியவரின் கைவழியே வீட்டுக் குழந்தைக்கும் செல்லும். 2013இல் உருவான மினமாட்டா உடன்படிக்கை இத்தகைய பூச்சுக்களைத் தடைசெய்யும்படி உலக நாடுகளைப் பணித்தது. மினமாட்டா என்பது யப்பானில், வாவியைப் போன்றே மீனாற் பிழைத்த ஒரு குடாக்கரை ஊர்; ஆலைக் கழிவிலிருந்த இரசம் மீன்வழியே அவ்வூராரை அழித்தமையால் அப்பெயர் இட்டனர். பெயர், செய்த நிறுவனம், உள்ளடங்கிய பொருள்கள் ஆகியவை அச்சிடப்படாத புட்டியை எக்காரணம் கொண்டும் வாங்கலாகாது. அச்சிடப்பட்டிருப்பின், அதில் மெர்க்குரி, கலொமெல் என்னும் சொற்களுள் ஏதேனும் உண்டா என்று பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

எங்கள் பாடசாலையில் தமிழ்த்தின விழாவுக்குக் கூத்துப் பழக்கும்போது, ஒப்பனைப் பெட்டி வந்து இறங்கியதும் விஞ்ஞான ஆசிரியை அந்தச் சிறு எழுத்துக்களைப் பிள்ளைகளைக் கொண்டே உரத்து வாசிப்பிப்பார். அதன் பின்னரே தருமனுக்கும் திரௌபதைக்கும் முகம் எழுதுவது வழக்கம்.