ஆமை நடை

சென்னையின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் கோட்டையில் தொடங்கி ஐகோர்ட்டுக் கட்டடத்தில் முடித்துவிடுகிறார்கள். கடற்கரை மணலைத் திரும்பிப் பார்ப்பவர் குறைவு.

தை பிறந்தால் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறும். பின்னங்கால்களால் ஒன்றரை அடிக் குழி பறித்து, நூறு முட்டை போல இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். தாயின் சம்பந்தம் அத்தோடு சரி. அப்புறம் முட்டைகள் நாய்க்கு. நாய்க்குத் தப்பியது மனிதருக்கு. ஒரு காலத்தில் அவற்றைச் சந்தையிலேயே விற்றார்கள்.

1970-களின் தொடக்கத்தில் சென்னைப் பாம்புப் பண்ணையின் ராமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் இந்தக் கரையில் இரவெல்லாம் நடந்து முட்டைகளைச் சேகரித்தார்கள். வேலியிட்ட இடத்தில் புதைத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விட்டார்கள். பின்னர் சர்க்கார் ஏற்றது. 1980-களில் வனத்துறை நடத்தியது. அது நின்ற சமயம், 1988-இல், கல்லூரி மாணவர்கள் சிலர் ஓர் அமைப்பாகச் சேர்ந்து பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். சம்பளம் கிடையாது. தூக்கமும் கிடையாது. ஒரு தலைமுறை படிப்பு முடிந்து போனால் அடுத்தது வரும். இலாகாக்கள் விட்டதை இருபது வயதுப் பிள்ளைகள் விடவில்லை என்பது எனக்கு இன்னும் ஆச்சரியந்தான்.

வார இறுதிகளில் ஊராரையும் அழைத்துப் போகிறார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் ஏழு கிலோமீட்டர். நானும் ஒருமுறை நடந்தேன். டார்ச் விளக்கு அடிக்கக் கூடாது. ஆமை தென்படாத இரவுகளே அதிகம், அன்றும் அப்படித்தான்.

எங்களுடன் வந்த பெரியவர் பொறுமை இழந்தார். "ஏன் தம்பி, ஆமையே வரலியே! எதுக்கு இவ்வளவு தூரம் நடக்க வச்சீங்க?"

"முந்தாநாள் வந்துட்டுப் போச்சு, சார். நாங்க கவனிக்கிறதுக்குள்ளே நாய் முந்திக்கிச்சு" என்று அந்தப் பையன் குனிந்து காட்டினான். கிழிந்த காகிதம் போல முட்டைத் தோல்கள் சிதறிக் கிடந்தன. பெரியவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

வேலிக்குள் பொரித்தால் மட்டும் போதாது. குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிப் போகிறவை; கடலின் பளபளப்பு என்றெண்ணித் தெருவிளக்கை நோக்கி ஊர்ந்து மடிகின்றன. வளர்ந்தவை இழுவை வலையில் சிக்கி மூச்சுமுட்டிச் சாகின்றன. 2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சென்னையை ஒட்டிய கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. இதையும் பையன் ஒளிக்காமல் சொன்னான்.

திரும்பும்போது பெரியவர் கரையோர மாடி வீடுகளைச் சுட்டிக் கேட்டார்: "அந்த விளக்கையெல்லாம் அணைக்கச் சொல்லிக் கேட்டீங்களா?"

"கேட்டுக்கிட்டே இருக்கோம், சார்."