ஞாயிற்றுக்கிழமை பன்னும் ஒரு பழைய விடைத்தாளும்



வரும் ஞாயிறு மாலை எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கூடுகிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். கத்திரி வெயிலில் மாடியில் அடுப்பா என்று அண்ணி கேட்டார். ஐந்து மணிக்கு மேல் எலியட்ஸ் கடற்கரைக் காற்று வந்துவிடும், பயப்பட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கரி அடுப்பும் கம்பி வலையும் 89 செட் கொண்டு வருகிறது. மீன் நம் ஊரூர் குப்பத்திலிருந்து. காளானும் பனீரும் தம்பி வீட்டுப் பொறுப்பு. பன் என் பொறுப்பு.

வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி கேட்டிருந்தாள்: “டீச்சர், பன்னுக்கெல்லாம் எதுக்குக் கஷ்டப்படறீங்க? பேக்கரியில ரெண்டு நிமிஷத்துல வாங்கிடலாமே.” வாங்கலாம். ஆனால் இந்தப் பன்னை நானே சுடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த நீண்ட பதிவு. வரலாறு எடுத்தவள், பழைய கதையிலிருந்துதான் வருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2020 ஊரடங்கின்போது கடைகளில் ஈஸ்ட் பாக்கெட் கிடைக்கவில்லை. அப்போது தம்பி மகள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொஞ்சம் புளித்த மாவைக் கொண்டு வந்து, “அத்தை, இதுதான் சவர்டோ. தினமும் கொஞ்சம் மாவும் தண்ணியும் போடுங்க, சாகாது” என்று கொடுத்துவிட்டுப் போனாள். கோதுமை மாவும் தண்ணீரும்தான். மாவிலும் காற்றிலும் நம் கையிலும் இருக்கும் நுண்ணுயிர்கள் அதில் குடியேறி, மாவைத் தின்று, காற்றுக் குமிழி விடுகின்றன. அந்தக் குமிழிதான் ரொட்டியை உப்ப வைக்கிறது.

இன்று இதற்கு ஏதோ புதுமையான பெயர் இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் பாக்கெட் ஈஸ்ட்தான் புதியது. நொதித்தலுக்குக் காரணம் உயிருள்ள பொருள்கள் என்று லூயி பாஸ்டர் காட்டியது 1850-களின் கடைசியில். அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஃபிளைஷ்மன் சகோதரர்கள் ஈஸ்டைக் கட்டியாக்கி விற்கத் தொடங்கியது 1868-ல். அதற்கு முன்னால் ரொட்டி சுட்டவர்கள் பெரும்பாலும் நேற்றைய புளித்த மாவையோ, பீர் காய்ச்சும் இடத்தில் கிடைத்த நுரையையோதான் நம்பியிருந்தார்கள்.

சரி, கோதுமையும் பீரும் இல்லாத நம் கடற்கரைக்கு ரொட்டி தின்னும் மனிதன் வந்தபோது என்ன செய்தான்?

வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498. போர்ச்சுகீசியர் கோவாவைப் பிடித்தது 1510. 1520-களில் நம் மயிலாப்பூர்க் கரையிலேயே சாந்தோமில் குடியேறிவிட்டார்கள். அவர்களுக்கு மூன்று வேளையும் ரொட்டி வேண்டும். கோவாவில் அவர்கள் கண்டுபிடித்த வழி, தென்னங்கள். கள்ளை ஊற்றிப் பிசைந்தால் மாவு அழகாக உப்பியது. அவர்கள் மொழியில் ரொட்டிக்குப் ‘பாவ்ங்’ என்பதுபோல மூக்கொலியோடு ஒரு சொல். அதுதான் பம்பாயில் பாவ் ஆனது. இலங்கைத் தமிழில் பாண் ஆனது. 1983-க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து என்னிடம் படித்த பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்குப் ‘பாண்’ கொண்டு வந்திருக்கிறோம் என்பார்கள். மற்ற பிள்ளைகள் விழிப்பார்கள். நினைவிருக்கிறதா?

ஆங்கிலேயர்களும் அதே வழிக்குத்தான் வந்தார்கள். 1886-ல் ஹாப்சன்-ஜாப்சன் என்ற அகராதி வெளியானது. இந்தியாவில் ஆங்கிலேயர் பேசிய கலப்புச் சொற்களைத் தொகுத்த நூல். தொகுத்தவர் இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அதில் கள்ளைப் பற்றி எழுதும் இடத்தில், இந்தியாவில் ரொட்டிக்கு ஈஸ்டாகப் பொதுவாகப் பயன்படுவது இதுதான் என்று ஒரு வரி வருகிறது. ஆக, துரைமார்கள் மேஜையில் இருந்த ரொட்டிக்குப் பின்னால் மரமேறி ஒருவர் இருந்திருக்கிறார். விடியற்காலையில் அவர் ஏறி இறங்காவிட்டால் ரொட்டி உப்பாது.

கள்ளை விரும்பாத துரைகளும் இருந்தார்கள். 1878-ல் சென்னையிலேயே அச்சான ஒரு சமையல் நூல் உண்டு. எழுதியவர் சென்னைக் குதிரைப்படையில் இருந்த கென்னி-ஹெர்பர்ட். அதில் கூடாரம் அடித்துத் தங்கும்போது எப்படிச் சமைப்பது என்று ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. வெட்டவெளியில் ரொட்டி சுட அவர் சொல்லும் வழி, டப்பாவில் வரும் பேக்கிங் பவுடர். நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவரை முன்னோடி என்று சொல்லலாம். பன் விஷயத்தில் மட்டும் நான் அவர் கட்சி இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. “நம்ம இட்லி மாவுதான் உலகத்தின் முதல் சவர்டோ” என்று யாராவது ஃபார்வர்டு அனுப்பினால் எனக்கு அனுப்பாதீர்கள். இட்லி உப்புவது முக்கியமாக ஈஸ்டால் அல்ல, லூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியாவால் என்று 1965-லேயே ஆய்வு வந்துவிட்டது. கோதுமையில் இருக்கும் பசைத்தன்மை காற்றைப் பிடித்து வைக்கும். அரிசியில் அது இல்லை. அதனால்தான் உளுந்து சேர்க்கிறோம். இட்லி மாவு இந்தப் பாட்டில் மாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரி, அவ்வளவுதான்.

உடன்பிறந்த சகோதரி ஆப்பம். கள் ஊற்றிப் புளிக்க வைத்த ஆப்ப மாவு. கேரளத்தில் கள்ளப்பம் என்றே பெயர். இலங்கையிலும் உண்டு. நம் தென்மாவட்டங்களிலும் இருந்தது.

பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டும்போது வடிவது வெறும் இனிப்பு நீர். காற்றிலும் பூச்சியிலும் இருக்கும் ஈஸ்ட் அதில் சேருகிறது. நேற்றுப் பயன்படுத்திய அதே கலயமானால் அதன் சுவரிலேயே நேற்றைய ஈஸ்ட் ஒட்டியிருக்கும். என் ஹார்லிக்ஸ் பாட்டிலும் அந்தக் கலயமும் செய்யும் வேலை ஒன்றே. சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகிவிடும். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிவிட்டால் நொதிக்காது; அது பதநீர். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. ஒரே மரம், ஒரே ஆள், ஒரே கலயம். நடுவில் ஒரு விரல் சுண்ணாம்பு.

அந்தச் சுண்ணாம்பில்தான் நம் மாநிலத்தின் சட்டம் நிற்கிறது. 1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். இழந்த வருமானத்தை ஈடுகட்டத்தான் 1939-ல் விற்பனை வரி வந்தது. 1948-க்குள் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971-ல் தளர்ந்தது, இரண்டு மூன்று ஆண்டுகளில் திரும்ப வந்தது. 1981-ல் கள்ளுக்கடை மறுபடி திறந்தது. 1987-ல் மூடியது. அன்று மூடிய கள் இன்றுவரை திறக்கவில்லை. பதநீர் இறக்கலாம், கள் இறக்கினால் குற்றம்.

மதுவிலக்கு தவறு என்று சொல்ல நான் வரவில்லை. குடியால் அழிந்த வீடுகளை என் பள்ளியிலேயே பார்த்தவள். வெள்ளிக்கிழமை ஃபீஸ் கட்ட வேண்டிய பணம் வியாழக்கிழமை ராத்திரி காணாமல் போன கதையை எத்தனை தாய்மார்கள் என்னிடம் அழுதிருக்கிறார்கள். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. ஆனால் அதே சட்டத்தால் இன்னொரு பக்கம் என்ன நடந்தது என்பதும் வரலாறுதான். அதை நான் வகுப்பில் சொல்லவே இல்லை. என்னிடம் சொல்ல வந்தவனையும் உட்கார வைத்துவிட்டேன்.

1987, ஒன்பதாம் வகுப்பு, காலாண்டுத் தேர்வு. “மதுவிலக்கினால் விளையும் நன்மைகள் ஐந்தினை எழுதுக.” ஐந்து மதிப்பெண். நான் எழுதிப் போட்ட ஐந்து வரிகளை எல்லோரும் அப்படியே எழுதியிருந்தார்கள். ஒருவன் மட்டும் நான்கை எழுதிவிட்டு, ஐந்தாவதாக வேறு எழுதியிருந்தான். உடன்குடிப் பக்கத்தில் அவன் தாத்தா பனையேறி. கள்ளு இறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் தாத்தா சும்மா உட்கார்ந்திருக்கிறார், பாட்டி ஆப்பத்துக்குக் கள்ளுக்குப் பதில் சோடா போடுகிறார், முன்பு மாதிரி இல்லை. இதுதான் அவன் எழுதியது.

நான் சிவப்பு மையால் அடித்து, “கேட்டதை மட்டும் எழுதவும்” என்று போட்டு, ஐந்துக்கு நான்கு கொடுத்தேன். தாளைக் கொடுக்கும்போது, “பரீட்சையில வீட்டுக் கதையெல்லாம் எழுதக் கூடாதுடா” என்றும் சொன்னேன். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

போன மாதம் அவன் வீட்டுக்கு வந்திருந்தான். தலை நரைத்துவிட்டது. ஊரிலிருந்து இரண்டு கிலோ கருப்பட்டி கொண்டு வந்திருந்தான். காபி குடித்துக்கொண்டே சிரித்தபடி சொன்னான்: “அந்த அஞ்சாவது மார்க் இன்னும் பாக்கி டீச்சர்.” எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் பேச்சு வரவில்லை. முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக அவன் அதை மறக்கவில்லை. நான் சுத்தமாக மறந்துவிட்டேன்.

அன்று இரவு படுத்துக்கொண்டே யோசித்தேன். கடையில் நாம் கேட்டு வாங்கும் அந்த வெள்ளைப் பொடிக்குத் தமிழில் என்ன பெயர்? ஆப்பசோடா. பெயரிலேயே இருக்கிறது, அது எதற்காக நம் அடுக்களைக்குள் வந்தது என்பது. தினமும் அந்த டப்பாவைத் திறந்த வரலாற்று ஆசிரியைக்கு அந்தச் சொல் கண்ணில் படவில்லை. பதினான்கு வயதுப் பையனுக்குப் பட்டிருக்கிறது. நன்மைகளைக் கேட்டவள் நான். விலை என்ன, அதை யார் கொடுத்தார்கள் என்று எழுதியவன் அவன். வரலாறு என்று பார்த்தால் அந்தத் தாளில் உருப்படியான விடை அந்த ஐந்தாவதுதான்.

அதனால்தான் இந்தப் பன். கள் ஊற்ற முடியாது. (கேரளாவிலிருந்து கொண்டு வருகிறேன் என்று குழுவில் சொன்னவன் தயவுசெய்து அடங்கவும்.) என் பாட்டில் மாவும் அவன் கொடுத்த கருப்பட்டியும்தான்.

செய்முறை கேட்டவர்களுக்கு: மைதா 500 கிராம், பொங்கி நிற்கும் புளித்த மாவு 100 கிராம், பால் 290 மில்லி, வெண்ணெய் 50 கிராம், உப்பு 10 கிராம், கருப்பட்டி 40 கிராம். கருப்பட்டியை அந்தப் பாலிலேயே கொஞ்சம் எடுத்துக் கரைத்து, மண் இருக்கும், கட்டாயம் வடிகட்டி, ஆற வைத்துச் சேர்க்கவும். பதினைந்து நிமிடம் பிசையவும். வெளிநாட்டுச் செய்முறையில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் வைக்கச் சொல்வார்கள். பெசன்ட் நகர் மே மாதத்தில் அப்படி வைத்தால் மாவு பாத்திரத்தை விட்டு வெளியே நடந்து வந்துவிடும். நான்கு மணி நேரம் போதும். உருட்டினால் பதினொரு பன் வரும். உருட்டியதைத் தட்டில் அடுக்கி, ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் எடுத்து, குளிர் விட்டு நன்றாக உப்பிய பிறகு, 190 டிகிரியில் இருபது நிமிடம். மேலே பால் தடவினால் பழுப்பு நிறம் வரும். இந்த அளவில் நான்கு முறை போடுகிறேன், நாற்பத்து நான்கு பன். மாடியில் கரி அடுப்பில் இரண்டாக வெட்டி ஒரு வாட்டு வாட்டினால் போதும். லேசான புளிப்பு இருக்கும். பழையதாகிவிட்டது என்று நினைத்து யாரும் ஒதுக்க வேண்டாம்.

கடைசியாக, அவனுக்கு. பெயர் போடவில்லை, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். அன்று வகுப்பு முழுவதும் கேட்கச் சொன்னதை, இன்று அதே வகுப்பு கேட்கத் திருத்திக்கொள்கிறேன். ஐந்துக்கு ஐந்து. சிவப்பு மையில் எழுதிய அந்த வரிக்காக மன்னித்துவிடு. பாட்டியின் ஆப்பம் எப்படி இருக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் நீ சொல்ல வேண்டும். முதல் பன் உனக்கு.

மற்றவர்கள்: ஐந்து மணி. லிஃப்ட் மூன்றாம் மாடி வரைதான், அதற்கு மேல் படி. மடக்கு நாற்காலி இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். முட்டி வலி உள்ள உறவினர்களுக்கு அது போதாது; அவர்களுக்குக் கீழேயிருந்து இரண்டு சோபா நாற்காலி தூக்க 89 செட்டில் பலசாலிகள் நாலு பேர் நாலரைக்கே வரவும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்